மின்முனைக்கு வைத்த பொட்டு

1

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த அழைப்பு வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை மணி அடித்து நின்றிருக்கிறது. ஜவ்வாது மலையில் அப்போது காலை ஒன்பது பத்து.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கைப்பேசியை வேலைக்கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. வாசலில் இருக்கும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் அந்த அலமாரிக்கு முன்னால் வரிசையில் நிற்போம், கோயில் வாசலில் விட்ட செருப்பைத் திரும்ப வாங்க நிற்பதுபோல. என் முறை வந்து திறந்தபோது திரையில் என் மகள் நிவேதாவின் பெயர் இருந்தது.

திருப்பி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் தமிழில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி அழைத்தேன். மறுபடி அதே குரல்.

மலையில் சிக்னல் கிடைக்காதது புதிதல்ல. அவள் தங்கியிருக்கும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் பேச முடியும். என்னைப் பயமுறுத்தியது வேறு. வேலை நேரத்தில் என் கைப்பேசி பூட்டிக் கிடக்கும் என்று அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பள்ளியில் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் அந்த நேரத்தில் அழைத்ததில்லை. அப்படிப்பட்டவள் அழைத்திருக்கிறாள். அன்று காலைதான் அவள் நான் செய்த மருந்துத் தெளிப்பானை முதல்முறையாக அவரைக் கொல்லையில் இறக்குவதாக இருந்தது.

நடந்து சில வாரங்கள் ஆகின்றன. இப்போதும் அலமாரி வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுகிறேன். ஊரில் இருப்பவர்கள் "வெளிநாட்டில் நிம்மதியாக இருக்கிறாய்" என்று சொல்லும்போதெல்லாம் சிரித்து வைப்பேன். இந்த முறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் நான் ஒழுங்காகப் புரியவைத்ததில்லை. "ஸ்ப்ரேயருக்கு மூக்கு செய்யுறா" என்று என் தம்பி சேகர் எல்லோரிடமும் சொல்கிறான். அது கிட்டத்தட்டச் சரி.

சாதாரணத் தெளிப்பானில் அடிக்கும் மருந்து இலையின் மேலே விழும். கொஞ்சம் மண்ணில் விழும். மீதி அடிப்பவர் மேல் விழும். பூச்சியோ இலைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மருந்துத் துளிக்கு மின்னேற்றம் கொடுத்துவிட்டால் கதை மாறும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதைப்போல இலை துளியை இழுக்கும். துளி இலையைச் சுற்றி வளைந்து போய் அடிப்பக்கத்திலும் ஒட்டும். அதற்குத் தெளிப்பானின் வாயருகே சில ஆயிரம் வோல்ட்டில் ஒரு எலக்ட்ரோடு வேண்டும். பாடப்புத்தகத்தில் மின்முனை என்பார்கள்.

அதை வெறும் உலோகத்தில் செய்தால் வேலை செய்யும். ஆனால் கை பட்டால் சாட்டையால் அடித்ததுபோல் இருக்கும். மருந்தும் சோப்புத் தண்ணீரும் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்தால் மின்னேற்றமே போகாது. எனவே நாங்கள் இரண்டையும் கலக்கிறோம். உள்ளே கரித்தூள் கலந்த பிளாஸ்டிக், வெளியே சுத்தமான பிளாஸ்டிக் உறை, இரண்டும் இடைவெளியே இல்லாமல் ஒன்றாக உருகிப் பிடித்திருக்க வேண்டும். கரித்தூள் கொஞ்சம் குறைந்தால் அது பிணம். கொஞ்சம் கூடினால் உலோகம். சரியாக அமைந்தால் அது மின்சாரத்தை மெதுவாக, அவசரமில்லாமல் விடும். தவறிக் கை பட்டாலும் வலிக்காது. என் வாழ்க்கையின் நல்ல பங்கு அந்த விகிதத்தில் போயிருக்கிறது.

அந்த மின்முனைக்கும் கைப்பிடிக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கழுத்து இருக்கும். மின்கம்பத்தில் கவிழ்த்து வைத்த பீங்கான் கிண்ணங்களைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்தக் கழுத்திலும் வளையம் வளையமாக விளிம்புகள். தண்ணீர் பட்டாலும் ஒரே கோடாக ஓடிக் கைப்பிடியைத் தொடக்கூடாது என்பதற்காக. கழுத்து சுத்தமாக, உலர்ந்து இருக்கும்வரை எந்தப் பயமும் இல்லை.

இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். அப்போது எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. எங்கள் ஊர் கண்ணமங்கலத்தைச் சுற்றியிருந்த கத்தரித் தோட்டங்களிலும் வேர்க்கடலைக் கொல்லைகளிலும் என் அப்பா கூலிக்கு மருந்து அடித்தார், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார், அன்றைக்கு மாலை தலைவலியில் சாப்பிடமாட்டார், அவர் சட்டையை நாங்கள் தொடக்கூடாது என்று தூரமாகக் கழற்றிப் போடுவார் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தவை மூன்று வார்த்தைகள்: "அப்பா. மருந்து. சட்டை." எதிரே இருந்தவர் தலையாட்டினார். அவர்தான் ஓகாவா-சான், நம் வழக்கில் ஓகாவா சார். இன்றும் என் பிரிவுத் தலைவர்.

3

நிவேதா இங்கேயே பிறந்தவள். இந்த மொழியில் 'வே' என்ற ஒலி கிடையாது, அதனால் தோழிகளுக்கு அவள் நிபேதா. பதினான்கு வயதில் ஒருநாள் காலை நான் பேருந்துக்குள்ளிருந்து பார்த்தேன்: ரயில் நிலைய வாசலில், கண்ணாடிச் சுவரில் முகம் பார்த்து, நான் வைத்தனுப்பிய பொட்டைக் கட்டைவிரலால் அழித்துக்கொண்டிருந்தாள். மாலையில் வீடு திரும்பியபோது பொட்டு மறுபடி இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வைத்துவிடுவதை நிறுத்திக்கொண்டேன். அவளும் எதுவும் கேட்கவில்லை. இங்கே வளரும் பிள்ளைகள் சண்டை போட்டு விலகுவதில்லை, இப்படித்தான் சத்தமில்லாமல் விலகுகிறார்கள்.

அவள் அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். விவசாயம் படித்து முடித்தாள். ஏதாவது ஆராய்ச்சி நிலையத்தில் சேர்வாள் என்று காத்திருந்தேன். அவளோ ஜவ்வாது மலையில் ஒரு விவசாயிகள் குழுவோடு ஒரு வருடம் வேலை செய்யப் போகிறேன் என்றாள்.

"நீ வளர்ந்த ஊருக்குப் பக்கம்தானேம்மா?"

பக்கம்தான். கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து அந்த மலை நீலச் சுவராகத் தெரியும். ஆனால் நான் அதில் ஏறியது ஒரே முறை. எனக்கு அப்போது தூரமாகப் போக வேண்டும் என்பதுதான் ஆசை, மேலே போக வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மலையில் மல்லிகா என்ற பெண்ணின் வீட்டை ஒட்டிய அறையில் நிவேதா தங்கினாள். மல்லிகாவுக்கு என் வயதுதான் இருக்கும். சாமை விதைக்கிறாள், கல் வரப்பு போட்ட சரிவில் அவரை வைத்திருக்கிறாள், பருவத்தில் புளி உலுக்கி விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நிவேதா பாறைமேல் ஏறி வீடியோவில் பேசும்போது மல்லிகாவின் குரல் மட்டும் பின்னால் கேட்கும். முகத்தைக் காட்டமாட்டாள். "அப்புறமா பேசறன்னு சொல்லு, தலை வாரல" என்பாள். ஆனால் நாங்கள் பேசுவதை ஒன்று விடாமல் கேட்பாள்.

"ஏம்மா, உம் பொண்ணுக்கு நீ சொல்லக்கூடாதா?" என்று ஒருமுறை தூரத்திலிருந்தே கத்தினாள். "தண்ணி குடுத்தா நன்றின்றா, சோறு போட்டா நன்றின்றா. நாங்க இன்னா, கடையா வெச்சிகினு கீறோம்?"

நிவேதா வெட்கப்பட்டாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ் அவளுடையது. கரண்ட்டை மின்சாரம் என்பாள். மல்லிகா அதை அப்படியே சொல்லிக் காட்டி ஊரையே சிரிக்க வைப்பாளாம். எனக்கு உள்ளூர ஒரு சின்னப் பொறாமை இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னிடம் பேசும்போது தொலைபேசியைப் பார்க்கும் பெண், அவளிடம் பேசும்போது முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அந்த அவரையில் அசுவினிப் பூச்சி விழுந்தது. இலைக்கு அடியில் கறுப்புக் கறுப்பாக. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தார்கள், அது மேலே வழிந்து கீழே போனது. நிவேதா என்னிடம் கேட்டாள். நான் ஓகாவா-சானிடம் கேட்டேன். பல கையெழுத்துகளுக்குப் பின் வெள்ளோட்டத்துக்கு என்று ஒரு தெளிப்பான் கிடைத்தது. ரப்பர் பூட்ஸ் போட வேண்டும், கழுத்தைத் துடைத்து உலர வைக்க வேண்டும், கைமாற்றும்போது அணைக்க வேண்டும் என்று அவளை ஒப்பிக்க வைத்தேன்.

கடைசி ஞாயிறன்று எல்லாம் சொல்லி முடித்தபின் இன்னொன்றும் சொன்னேன்.

"புது மெஷின். ஒரு பொட்டு வெச்சுட்டு ஆரம்பி."

"அம்மா, நீ இன்ஜினியரா, யாரு?"

"இன்ஜினியர்தான். வெச்சா இன்னா கொறைஞ்சிடும்?"

அவள் சிரித்தாள். சரி என்றாள். எங்கே வைப்பது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதை யார் சொல்லித் தருகிறார்கள்? மோட்டார் சைக்கிளுக்கு முகப்பு விளக்கின் மேலே, பீரோவுக்குக் கதவில், தையல் மெஷினுக்குத் தலையில். பார்த்தாலே தெரியும்.

4

பத்து மணித் தேநீர் இடைவேளையில் அன்று அவளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்திருந்தது. தெளிப்பான் ஒரு பலகைமேல் கிடந்தது, அதில் மஞ்சள் பூசிக் குங்குமம். "நீ சொன்ன மாதிரி" என்று கீழே தமிழில் எழுதியிருந்தாள். ரயில் நிலைய வாசலில் பொட்டை அழித்த பெண். நான் அந்தச் சின்னத் திரையைப் பார்த்து நின்றேன். சிவப்பு இதயம் ஒன்றுக்கு மூன்றாக அனுப்பினேன். சேகருக்கு அனுப்பினேன். பிறகு பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

பன்னிரண்டு நாற்பது அழைப்பைப் பார்த்தபின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. சேகரை அழைத்தேன். கண்ணமங்கலத்தில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

"இன்னாக்கா இந்த நேரத்துல?"

"நிவே கூப்பிட்டிருக்கா. எடுக்கல. இப்ப லைன் போகல."

"மலையில எப்பக்கா லைன் போச்சு? நீ ஒண்ணு."

"அவ இந்த நேரத்துல கூப்பிடமாட்டாடா."

என் குரல் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கடையில் யாரிடமோ "அப்புறமா வா" என்பது கேட்டது. "போளூர் வழியா ஏறிடறேன். நீ அழுவாத. போய்ட்டு போன் பண்றேன்."

சாப்பாட்டு மணி முடிந்தது. கைப்பேசியைப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். என்னால் முடியவில்லை. ஓகாவா-சானிடம் போய், மகளைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்ல நினைத்தேன். இத்தனை வருடம் பேசிய மொழி அந்த நேரத்தில் கையைவிட்டுப் போனது. நான் சொன்னதன் பொருள், "எனக்கு மகள் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிவேதாவைத் தெரியும். பள்ளி விடுமுறையில் தொழிற்சாலைக்கு வந்து அவர் மேசையடியில் உட்கார்ந்து படம் வரைந்தவள். "இல்லை என்றால்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்ன வாக்கியம் அப்போதுதான் என் காதில் விழுந்தது. திருத்திச் சொன்னேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்ற பயம் சேகரின் வீடியோ அழைப்பு வரும்வரை போகவில்லை.

இங்கே எதற்கும் தாள் உண்டு. கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதிக்கும் தாளை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'மகள்' என்பதற்கான ஒற்றை ஜப்பானியச் சித்திர எழுத்தை எழுதி முத்திரை குத்தினார். கூட்ட அறையைத் திறந்துவிட்டார்.

விமானம் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அப்போதுதான் நினைவு வந்தது: என் பாஸ்போர்ட் புதுப்பிப்பதற்காகத் தூதரகத்தில் இருக்கிறது. வர இன்னும் வாரங்கள் ஆகும். என் மகளுக்கு என்ன ஆனாலும், நான் பிறந்த நாட்டுக்குள் அன்றைக்கு என்னால் போக முடியாது. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தேன்.

5

கொஞ்ச நேரத்தில் ஓகாவா-சான் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. "இயந்திரத்தைக் காட்டுங்கள்" என்றார்.

என்னிடம் இருந்தது அந்தப் புகைப்படம்தான். கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"இந்த மஞ்சள் என்ன?"

"அது எங்கள் வழக்கம். புதிய பொருளுக்கு மங்கலமாக…"

"எதனால் செய்தது?"

"மஞ்சள்பொடி. தண்ணீரில் குழைப்போம். மேலே குங்குமம். அதுவும் மஞ்சள்தான், சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகும்…"

அங்கே நிறுத்தினேன். அவரும் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொட்டு வைத்திருந்தது கழுத்தில். அதற்கு வேறு இடம் இல்லை என்பதுபோல அழகாக வைத்திருந்தாள். கறுப்புத் தெளிப்பானில் வெள்ளையாக இருந்த ஒரே இடம் அதுதான். யாருடைய கண்ணும் அங்கேதான் போகும். விளிம்புகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களை மஞ்சளால் நிரப்பி, குறுக்கே மேலிருந்து கீழ்வரை நீளமாகக் குங்குமம் இட்டிருந்தாள். தண்ணீர் ஒரே கோடாக ஓடக்கூடாது என்று நான் போட்ட விளிம்புகளின் மேலே ஒரே கோடு.

அதில் சோப்புத் தண்ணீர் தெறித்தால் மின்சாரம் ஓட வழியாகிவிடும் என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரித்தூள் கலவை மின்சாரத்தை மெதுவாக விடும் என்று எழுதினேனே, அது மின்முனையைத் தொடுபவருக்கு. கோடு தொடங்கிய இடமோ அந்தக் கலவைக்கும் முந்தி, மின்சாரம் கொண்டுவரும் உலோகக் கம்பி முடியும் இடம். அங்கிருந்து நேராகக் கைப்பிடிக்கு. நான் வருடக்கணக்காகச் செய்த பாதுகாப்பை, ஒரு பொட்டு சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்த மின்சாரம் ஆளைக் கொல்லாது. மின்சாரம் தரும் பெட்டிக்குள் அளவு மீறாமல் அதற்குத் தடுப்பு வைத்திருக்கிறோம். அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் சமதளத்தில் நிற்பவர்களைத்தான் நான் மனதில் வைத்து அந்தக் கணக்கைப் போட்டேன். அடி வாங்கியவர் துள்ளுவார். கல் வரப்பின் விளிம்பில் நிற்பவர் எங்கே துள்ளுவார்?

காலையில் இந்தப் படத்தை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன், மூன்று இதயம் போட்டேன். பூசியிருந்த இடம் தெரியவே இல்லை. பொட்டு மட்டும்தான் தெரிந்தது.

ஓகாவா-சான் கைப்பேசியை மேசையில் வைத்தார். ஜன்னல் வழியே வேலைக்கூடத்தின் மூலையைக் காட்டினார். போன மாதம் வந்த புது அச்சு இயந்திரத்தின் அருகே ஒரு சிறிய வெள்ளைத் தட்டில் கூம்பாக உப்பு வைத்திருந்தார்கள். தீட்டு விலக அப்படி வைப்பது இங்கே வழக்கம்.

"நாங்களும் வைக்கிறோம்," என்றார். "ஈர உப்பு இதைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். தட்டில் வைப்பதால் தப்பித்தோம்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பிறகு அறிக்கை எழுதியபோது, அசுத்தத்தின் வகை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் தயங்கியபோது, "மங்கலப் பொருள் என்று எழுதுங்கள், கேட்டால் நான் விளக்குகிறேன்" என்றவரும் அவர்தான்.

6

சேகர் அழைத்தபோது பின்னால் காற்றும் நாய் குரைப்பும் கேட்டன.

"அக்கா, ஊருக்கு வந்துட்டேன், பாறை மேலருந்து பேசறேன். வூடு பூட்டிக் கீது."

"கொல்லைக்குப் போய்ப் பாரு."

"போனேன். மெஷினு கீழ கெடக்குது. ஆளு இல்ல. இங்க பெட்டிக்கடையில கேட்டேன். மெஷின் புடிச்சவங்களத் தூக்கினு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு வேன்ல போயிருக்காங்கன்னு சொல்றாங்க."

மெஷின் பிடித்தவர். மலையில் அதைப் பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"தூக்கினுன்னா? நடக்க முடியலையா? பேச்சு இருக்குதா?"

"அது தெரியலக்கா. கடைக்காரம்மா பாக்கலையாம், சொல்லக் கேட்டதாம். நான் வண்டிய எடுக்கறேன். இரு அக்கா. இரு."

லைன் போய்விட்டது.

அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும் முன்னும் விரலை நீட்டி, பார்ப்பதன் பெயரைச் சொல்லி, 'சரி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பழகிவிட்டால் வீட்டில் எரிவாயுவை அணைக்கும்போதும் அப்படியே செய்வோம். அன்று அந்த அறையில் நான் கதவைக் காட்டி "கதவு, சரி" என்றேன். "ஜன்னல், சரி." "தேநீர்க் கோப்பை, சரி." எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. மேசை, நாற்காலி, மின்விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் விரலை நீட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் என் கையையே பார்த்தபடி நின்றேன்.

7

வீடியோ அழைப்பு வந்தது. சேகரின் முகம் ஒரு கணம் தெரிந்தது, பிறகு பச்சைச் சுவர், பிறகு நிவேதா. மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பூட்ஸ் முழுக்கச் செம்மண். உடம்பில் எந்தக் காயமும் இல்லை.

"நல்லவேளை!" என்றேன். "உனக்கு ஒண்ணும் ஆகல. நல்லவேளை, நல்லவேளை." எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. சத்தமாகச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மா, மாமா ஸ்பீக்கர்ல போட்டிருக்கார்."

அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மல்லிகா அக்காவுக்குக் கை உடைஞ்சிருக்கு," என்றாள். "உள்ளே கட்டுப் போடறாங்க."

என் 'நல்லவேளை'களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் சொன்னாள். முதலில் அவள்தான் அடித்தாள். கையில் இருந்த முடி எழுந்து நின்றது, வேறெதுவும் இல்லை. ரப்பர் பூட்ஸ் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. "எங்கொல்லை, நான் அடிக்கிறேன், குடு" என்று மல்லிகா கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடி நிவேதா மெஷினை அணைத்துத்தான் கொடுத்தாள். பூட்ஸையும் கழற்றிக் கொடுக்கப் போனாள்.

"விளையுற எடத்துல யாரும் செருப்புகூடப் போடமாட்டாங்கம்மா. பூட்ஸ் வேணாம்னுட்டாங்க. வெறுங்கால். தரை ஈரம். ஆன் பண்ணி ரெண்டு செடி அடிச்சாங்க. மூணாவது செடியில கத்திட்டாங்க. கை உதறி, பின்னாடி கால் வெச்சு, வரப்புக்குக் கீழே விழுந்துட்டாங்க. நான் பாறைக்கு ஓடி உன்னைத்தான் கூப்பிட்டேன். கட் ஆயிடுச்சு. அப்புறம் போன் செத்துப் போச்சு."

அவள் உதடு கோணியது. "நான் எதை மறந்தேன்? எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் அதைத் தன் தவறாகச் சுமந்துகொண்டு அந்த மலையில் இருப்பாள்.

"நீ எதையும் மறக்கல. பொட்டு. அது கழுத்துல இருந்துது. ஈரமானதும் அது வழியா கைப்பிடிக்குப் பாய்ஞ்சிருக்கு."

"பொட்டா?"

"ம்."

"நீதானே வைக்கச் சொன்னே."

"நான்தான்."

"போட்டோ அனுப்பினேன். ஹார்ட் போட்டியே."

"போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். தொலைபேசியை அல்ல, என்னைத்தான் பார்த்தாள். வெகுநாளுக்குப் பின் அப்படி ஒரு பார்வை. அதில் கோபம் இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்க்கா," என்று பக்கத்தில் சேகர் நம்பமுடியாமல் கேட்டான், "பொட்டுல போயி கரண்ட்டு பாயுமா?"

அப்போது கதவு திறக்கும் சத்தம். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கழுத்திலிருந்து தொங்கும் துணிக்குள் வெள்ளைக் கட்டோடு ஒரு கை முதலில் திரைக்குள் வந்தது. பிறகு, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்காத முகம். தலை வாரவில்லை. முடியெல்லாம் அவரை இலையும் மண்ணும்.

"யாரு, ஜப்பான் அம்மாவா? குடு இப்படி." நல்ல கையால் தொலைபேசியை வாங்கினாள். "இன்னாம்மா, உம் பொண்ணும் அழுவுறா, நீயும் அழுவுற. கை ஒடஞ்சது எனக்கு."

"மன்னிச்சுடுங்க," என்றேன்.

"அத்த விடு. வுழறதுக்கு முந்தி அந்த எலையத் திருப்பிப் பாத்தேன். அடியில மருந்து ஒட்டினு கீது. எத்தினி வருசமா அடிக்கிறேன், இன்னிக்குத்தான் எலைக்கு முதுவுல மருந்தப் பாக்குறேன்." மூச்சு வாங்கினாள், வலி இருந்திருக்கும். "மெஷினு வேணாம்னு சொல்லல. பொட்டும் வேணாம்னு சொல்லல, பொட்டு இல்லாம எங்கொல்லையில எதையும் எறக்கமாட்டேன். ஆனா மாட்டுக்கு நெத்தி கீது, வண்டிக்கு நெத்தி கீது. நீ அனுப்பினதுல நெத்தி எதுன்னு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? அடுத்தவாட்டி ஒரு நெத்தி வெச்சு அனுப்பு."